பாற்கடலில் நஞ்சு

கண்டி மாநகரின் நடுவே கிடக்கும் குளத்துக்குச் சிங்கள மக்கள் இட்டு வழங்கும் பெயர் ‘கிரி முகுத’ என்பது. பாற்கடல் என்பது அதன் பொருள். 1807ஆம் ஆண்டில் வயல்வெளியை மறித்து அணை கட்டி அதை உண்டாக்கியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட தென்னாட்டு நாயக்க குலத்தவன். ‘இராஜகாரியம்’ என்ற கட்டாய ஊழியத்தால் எழுந்த குளம் அது. மண் சுமந்தவர்களுக்குக் கூலி இல்லை. முணுமுணுத்தவர்களுக்குக் கழுமரம் என்று ஊர்க்கதை ஒன்றும் உண்டு. எட்டே ஆண்டுகளில், 1815இல், அரசு போயிற்று, முடி போயிற்று. மன்னன் வேலூர்க் கோட்டைச் சிறைக்குச் சென்று 1832இல் அங்கேயே மாண்டான். குளம் மட்டும் நமக்கு எஞ்சியது.

புராணத்துப் பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன்னே வந்தது ஆலகாலம் அன்றோ? நமது பாற்கடலிலும் அது வந்தது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் குளத்து நீர் முழுதும் பச்சை பூத்தது. கடையில் விற்கும் வண்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் கிடந்த அந்த நீரைக் கண்டு ஊர் திகைத்தது. வேடிக்கை பார்த்தவர் பலர். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர் அதனினும் பலர். ‘மைக்குரோசிஸ்டிஸ்’ என்னும் நுண்ணுயிர்ப் பாசியின் பெருக்கம் அது என்று விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். ஈரலைக் கெடுக்கும் நச்சைச் சுரக்கவல்லது அந்தப் பாசி. ஆனால் அந்தப் பாசி வானத்திலிருந்து விழுந்ததன்று. நீரில் பொசுபரசும் நைதரசனும் மிகுந்தால் அது பெருகும். அவை எங்கிருந்து வருகின்றன? மலைச்சரிவில் அடுக்கடுக்காய் எழுந்த வீடுகளின் சமையலறையிலிருந்தும், சலவைத் தொட்டியிலிருந்தும், விடுதிகளின் மலக்குழிகளிலிருந்தும், மழைநீருக்கென வெட்டிய வாய்க்கால்கள் வழியாக வருகின்றன. பாசியைப் பழிப்பதில் பயனில்லை. நாம் ஊட்டினோம், அது வளர்ந்தது.

குளத்தோடு நின்றிருந்தால் இதை நகரசபையின் உட்பூசலென்று விட்டுவிடலாம். குளத்தின் வடிநீரை ஏந்திக்கொண்டு ‘மெத எல’ என்னும் நடுவாய்க்கால் நகரத்தின் வயிற்றை ஊடறுத்து ஓடுகிறது. ஊரின் கழிவெல்லாம் வழிநெடுக அதிலே சேர்கிறது. கெட்டம்பைப் பக்கம் அது மகாவலி கங்கையில் கலக்கிறது. அந்தக் கெட்டம்பையிலேதான் எசல பெரகராவின் நிறைவில் நீர்வெட்டுச் சடங்கு நடக்கிறது. குடத்தில் மொண்ட நீரோடு தேவாலயங்களின் ஊர்வலம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் வந்து தங்கிச் செல்வது கண்டி மரபு. சிங்கள தேவாலயத்துக்கும் தமிழ்ப் பிள்ளையாருக்கும் இடையே அந்த நீர் ஓர் உறவாக இருந்து வந்திருக்கிறது. அந்த நீரில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்பது தெய்வ நிந்தையாகுமா? கேளாதிருப்பதே நிந்தை என்பது என் கருத்து.

கங்கை அங்கும் நிற்கவில்லை. கன்னொருவையைக் கடந்து கொஹாகொடவை அடைகிறது. நகரத்துக் குப்பையை 1960ஆம் ஆண்டுகள் தொட்டுக் கொண்டுபோய்க் கொட்டிய மேடு அங்கே ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. மழை பெய்தால் அக்குப்பையின் கருஞ்சாறு ஊறி இறங்கிக் கங்கையைத் தேடிச் செல்கிறது. அதற்குக் கீழே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில், அதே கங்கையிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரித்துப் பெருங்கண்டிப் பகுதி மக்களுக்குக் குழாய்வழி வழங்குகிறார்கள். மேலே கொட்டுகிறோம், கீழே மொண்டு குடிக்கிறோம். இடையே நின்று நம்மைக் காப்பவர் சுத்திகரிப்பு நிலையத்துப் பொறியியலாளரும், அவர் கையிலிருக்கும் குளோரினும், அவர் உறங்காத இரவுகளுமே.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இந்த ஏட்டைப் படிக்கும் அன்பர்கள், ‘கண்டியின் சாக்கடைக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. பொல்கொல்லையில் 1976இல் மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் உக்குவளை மின்னிலையத்துக்குச் சென்று, போவதென்னையில் பிரிந்து, ஒரு கிளை கலாவெவவையும் அனுராதபுரத்துக் குளங்களையும் நிரப்புகிறது. மறு கிளை அம்பன் கங்கை வழியாக மின்னேரியாவையும் கந்தளாயையும் நாடுகிறது. கந்தளாய்க் குளத்து நீரைத்தான் திருகோணமலை நகரம் குடிக்கிறது. மறிக்கப்படாத மிச்ச ஆறு விக்டோரியா அணையைக் கடந்து கீழிறங்கிக் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றுக்கு மொழி இல்லை, மாகாண எல்லை இல்லை. நெடுவழியில் வெயிலும் மண்ணும் நாணலும் பெரும்பகுதியைத் தூய்மையாக்கி விடுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இயற்கையின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு எவ்வளவு என்று அளந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. சுற்றாடற் பொறியியலாளர் என்று அவரை அழைக்கிறார்கள். பாலம் கட்டுபவரை ஊர் அறியும். திறப்புவிழாவில் அவருக்கு மாலை உண்டு. சாக்கடையைச் சீராக்குபவரை யார் அறிவார்? அவர் வேலையைச் செம்மையாகச் செய்தால் ஒன்றும் நடவாது. நோய் வராது, நாற்றம் வராது, செய்தித்தாளில் ஒரு வரியும் வராது. நம் பெற்றோர்கள் பிள்ளையை இஞ்சினியராக்க வேண்டுமென்று தவம் கிடக்கிறார்கள். ஆனால் இந்தத் துறை என்றதும் முகம் சுளிக்கிறார்கள்.

நீரைத் தொழிலாகக் கொண்ட பெருமக்கள் நம்மிடையே இல்லாமலில்லை. நல்லூரில் பிறந்த சண்முகம் ஆறுமுகம் அவர்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றி, 1950ஆம் ஆண்டுகளில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வகுத்தவர். ஆனையிறவுக் கடனீரேரியை மறித்து நன்னீராக்கி வடமராட்சிக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் அது. 1969இல் வெளிவந்த அவருடைய ‘இலங்கையின் நீர்வளங்கள்’ என்ற ஆங்கில நூல் இத்துறையில் நெடுங்காலம் கைவிளக்காயிருந்தது. அந்தத் தலைமுறை கேட்ட கேள்வி, எவ்வளவு நீர் இருக்கிறது, எங்கே தேக்குவது என்பது. இன்றைய கேள்வி வேறு. தேக்கிய நீர் எத்தகையது, அதைக் கெடுத்தது எது, மீட்பது எவ்வாறு என்பது. முந்தியதற்கு அணை போதும். பிந்தியதற்குப் போத்தலும், இரசாயனக் கூடமும், ஊர்ஊராக நடக்கும் காலும், அதிகாரத்தின் முகத்துக்கு நேரே கணக்கைச் சொல்லும் நெஞ்சும் வேண்டும்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரத் தேம்சு நதி நாறிப் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட நேர்ந்தது. உறுப்பினர்களின் மூக்கைத் தொட்டபிறகே பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பாசல்ஜெற் என்ற பொறியியலாளர் பாதாளக் குழாய்களை அமைத்தார். 1865இல் அதன் பெரும்பகுதி இயங்கத் தொடங்கியது. அதே 1865இல்தான் கண்டிக்கும் மாநகர சபை கிடைத்தது. சட்டத்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரன் குழாயைக் கொண்டுவரவில்லை. போனவனைக் குறை சொல்லி என்ன பயன்? 1948இன் பின் வந்த நம்மவரும் கொண்டுவரவில்லை. நகர் நடுவுக்கென ஒரு முழுமையான கழிவுநீர்த் திட்டத்துக்கு 2010ஆம் ஆண்டில் சப்பானியக் கடன் வாங்கினோம். கன்னொருவையில் நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர் கழிவுநீரைச் சுத்திகரிக்கவென நிலையம் எழுந்தது. நூற்று நாற்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு! திட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் குழாய் போகும் தெருவில் உள்ள வீடு இணைந்தாலன்றோ பயன்? குழாயே போகாத மலைச்சரிவுக் குடியிருப்புகளின் கதி என்ன?

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். அது எனக்குப் பெருமை தருவதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், நகரத்தை ஒட்டிய ஒரு சரிவில் வாழும் பதினெட்டுக் குடும்பத்தார் என்னிடம் வந்தார்கள். மேலேயுள்ள தங்குவிடுதி ஒன்றின் மலக்குழி நிரம்பி அவர்கள் வாசல் வாய்க்காலில் ஓடுகிறது, பீலித் தண்ணீரும் கெட்டுவிட்டது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிக்கோவை 98ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லை நீக்கும் நிபந்தனைக் கட்டளை கேட்டு நீதவான் மன்றில் விண்ணப்பித்தேன். சாட்சியத்துக்கு, பேராதனையில் பயின்று நெடுங்காலம் நீர்த்துறையில் உழைத்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரை நாடினேன். கூலி வேண்டாமென்று வந்தார். மூன்று நாள் அந்தச் சரிவில் ஏறி இறங்கினார். பனிக்கட்டிப் பெட்டியில் போத்தல்களை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் இடமும் நேரமும் எழுதினார். என் கட்சிக்காரரான ஓர் அம்மையார், “ஐயா, இந்தத் தண்ணிய எதுக்கு ஐஸ் பெட்டியில வைக்கிறீங்க? கெட்டதுதானே, இன்னும் என்ன கெடப்போகுது?” என்று கேட்டார். அவர் சிரிக்காமல், போத்தலுக்குள் கிருமி பெருகினால் கணக்குப் பொய்யாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார்.

சாட்சிக்கூண்டில் ஏறியவர் என் வழக்கை ஏறக்குறைய உடைத்தே விட்டார். ‘இந்த அழுக்கு முழுதும் விடுதியிலிருந்துதான் வந்ததா?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். ‘இல்லை’ என்றார் அவர். விடுதிக்கு மேலேயும் கிருமி இருந்தது. விடுதிக்குக் கீழே மிகுந்தது. மனுதாரர் வீடுகளைத் தாண்டியபின் இன்னும் மிகுந்தது. மனுதாரர்களில் சிலர் வீட்டுக் குழாயும் அதே வாய்க்காலில்தான் விழுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. நம் பக்கத்துச் சாட்சி நம் கழுத்தை அறுப்பதா என்று மன்றுக்கு வெளியே அவரிடம் கேட்டே விட்டேன். “தம்பி, நீங்கள் கேட்டது விடுதியைப் பற்றி. நான் அளந்தது தண்ணீரை” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

கட்டளை கிடைத்தது. விடுதிக்காரர் புதிய குழி வெட்டினார். மாரிகாலம் வந்தது, வாய்க்கால் முன்போலவே நாறியது. அப்போதுதான் அந்த முதியவர் சொன்னதன் பொருள் எனக்கு உறைத்தது. எங்கள் தொழில் ஒரு குற்றவாளியைத் தேடும் தொழில். ஒருவனைக் கூண்டில் ஏற்றிவிட்டால் நீதி கிடைத்துவிட்டதென்று கைதட்டுகிறோம். சாக்கடையோ முப்பது பேர் கூடிச் செய்யும் குற்றம். அதில் இருபத்தொன்பது பேர் ஏழைகள், வேறு வழியற்றவர்கள். அவர்களுக்கு ஒரு பொதுக்குழாய் தராத ஆட்சியே முதற் பிரதி. அதை நான் மன்றில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1947ஆம் ஆண்டு மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகள் குப்பையும் மலமும் அகற்றுவதைச் சபையின் கடமையாக்கின. அகற்றிய குப்பை சபையின் சொத்து என்றும் சொல்லின. கொஹாகொட மேடு யாருடையது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. 1980இல் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. 1988இன் திருத்தத்தால் கழிவு வெளியேற்றுவதற்கு உரிமம் கட்டாயமாயிற்று. வேடிக்கை யாதெனில், சிறு தொழில்களுக்கு அந்த உரிமத்தை வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி சபைகளிடமே ஒப்படைக்கப்பட்டது. தானே ஆற்றங்கரையில் குப்பை கொட்டும் சபை, மற்றவன் கொட்டலாமா கூடாதா என்று தீர்ப்பளிக்கிறது! அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சுற்றாடலைப் பேணும்படி அரசைப் பணிக்கிறது. 29ஆம் உறுப்புரையோ, அதை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாது என்று கதவைச் சாத்துகிறது.

சாத்திய கதவைத் தட்டித் திறந்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் எப்பாவலப் பொசுபேற்று வழக்கில், இயற்கை வளம் அரசின் உடைமையன்று, மக்களுக்காக அரசு ஏந்தியிருக்கும் நம்பிக்கைப் பொறுப்பு என்ற கோட்பாட்டை நமது உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் ஊறியபோது, மனுவோடு உயர் நீதிமன்றம் சென்றவர் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் வந்த தீர்ப்பு, மின்கம்பனி 2 கோடி ரூபா கொடுத்தல் வேண்டும் என்றது. அவ்வழக்கிலும் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளே முதுகெலும்பாக நின்றன. அளப்பவன் இல்லையேல் வழக்கறிஞனின் நாவன்மை வெறுங்காற்று.

தீர்ப்பு மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அதுவும் நம் கண்டி மன்னன் கண்மூடிய ஊரிலேயே உண்டு. வேலூரில் பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருக்கிறது. முத்துமண்டபம் என்று அங்கே எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பாலாற்றைத் தோற்பதனிடும் தொழிற்சாலைகள் கெடுத்தன. கெடுத்தவனே மீட்கும் செலவை ஏற்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பு அது. 2025 சனவரியில் அதே நீதிமன்றம் அதே தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி மறுபடியும் தீர்ப்பெழுத நேர்ந்தது. பாற்கடலை வெட்டியவனுக்குப் பாலாற்றங்கரையிலும் நல்ல தண்ணீர் வாய்க்கவில்லை!

இனி நான் சொல்லப்போவது நகரத்தின் நடுத்தர வகுப்பாருக்கு இனிக்காது. பொறியியலாளரின் வரைபடம் தாளில் இருக்கிறது. வாய்க்காலுக்குள் இறங்குபவர் யார்? மகியாவையில் வாழும் நம் தமிழ்த் தொழிலாளர்கள். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மலவாளி சுமக்கவும் தெருக்கூட்டவும் வைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். சாதியின் பேரால் அந்தத் தொழில் அவர்கள் தலையில் கட்டப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டின் இந்திய வம்சாவளியினரை நாடற்றவராக்கியபோது அவர்களும் அதில் அகப்பட்டார்கள். ஊரைத் தூய்மையாக்கியவனுக்கு ஊராரில் ஒருவனாக நிற்க உரிமை இல்லாதிருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கணக்குத் தீரவில்லை. அன்று இராஜகாரியத்தால் குளத்தை வெட்டினார்கள். பின்னர் சாதியெனும் இராஜகாரியத்தால் அதன் சாக்கடையை அள்ளுவித்தார்கள். ஆலகாலத்தை உண்டவனை நீலகண்டன் என்று கும்பிடுகிறோம். நம் நஞ்சை உண்பவனோடு ஒரே குவளையில் தேநீர் குடிக்கத் தயங்கியவர்கள் நம் தமிழருள்ளும் இருந்தார்கள். இன்றும் இல்லையென்று எவராவது சத்தியம் செய்வாரா?

மகியாவையிலிருந்து பேராதனைப் பொறியியற் பீடம் எத்தனை தூரம்? ஐந்தாறு மைலுக்குள். 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்த பீடம் அது. அந்தக் குடியிருப்பிலிருந்து புறப்படும் ஒரு பெண்பிள்ளை அங்கே பயின்று, மெத எலவை மீட்கும் பொறியியலாளராகத் திரும்பி வரும் நாளைக் காண நான் விரும்புகிறேன். நாற்றத்தை அவளுக்கு எவரும் வகுப்பில் விளக்க வேண்டியிராது. அதற்கு அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் கற்பிக்க நல்ல ஆசிரியர் வேண்டும். வருடந்தோறும் இதைக் கேட்கிறோம். வருடந்தோறும் வட்டார அரசியல்வாதிகள் கொப்பிப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் கட்சிக்காரரும் இதற்கு விலக்கல்லர்.

படித்து வந்தவர்களையாவது வைத்திருக்கிறோமா? 2022இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் கண்டவர் கண்டவர் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள், பொறியியலாளரும் நின்றார்கள். அவர்களை நான் பழியேன். உண்மை அறிக்கை எழுதியதற்காக இடமாற்றம் பெறும் உத்தியோகத்தன் எத்தனை நாள் தாங்குவான்? 2023 மார்ச்சு முதல் 2025 மேயில் தேர்தல் நடக்கும்வரை உள்ளூராட்சி மன்றங்களில் மக்களின் பிரதிநிதிகளே இல்லை. இப்போது இருக்கிறார்கள். நீரைச் சோதிக்கும் பொறியியலாளரைச் சபையின் நிர்வாகத்துக்குக் கீழே வைக்காதீர்கள். தன் முடிவை மாதந்தோறும் நேரே மக்களுக்கு வெளியிடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள் என்று அவர்களைக் கேட்கிறேன். குப்பைமேட்டின் கருஞ்சாற்றை ஆற்றுக்கு முன்னே மறித்துச் சுத்திகரிக்கும் செலவை வரவு செலவுத் திட்டத்தில் எழுதுங்கள். 2017 ஏப்பிரலில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிடவில்லை அல்லவா?

தமிழில் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் பதினெட்டுக் குடும்பத்தார் வழக்கில் தாக்கலான ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவர்கள் குடித்த நீரில் என்ன இருந்தது என்பதை அவர்களுக்கு நான்தான் வாய்மொழியாகச் சொன்னேன். வழக்கு முடிந்த பின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்த வாய்க்காலின் நீர்ப்பரிசோதனை முடிவுகளைத் தமிழில் தருமாறு உரிய அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஏழு வாரங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஒரே பக்கம், சிங்களத்தில். கோரிய தகவல் கையிருப்பில் இல்லை என்பது அதன் சாரம். மேன்முறையீட்டைத் தமிழிலேயே எழுதி, பதினெட்டுக் குடும்பத்தாரின் ஒப்பத்தோடு அனுப்பியிருக்கிறேன். இம்முறை ஒப்பமிட்டவர்களில் அந்த ஓய்வுபெற்ற பொறியியலாளரும் ஒருவர். தமது பெயருக்குக் கீழே, போத்தல்களில் எழுதியதுபோலவே, இடத்தையும் நேரத்தையும் குறித்திருந்தார்.